கேர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதியில்) நடப்புச் செயலியின் எண்ணைப் பாதுகாப்பாக அறிவது எப்படி?

நிலாவெளி மாணவன்:
வணக்கம். திருகோணமலையில் கணினி அறிவியல் பயில்கிறேன். கடல்மட்ட அளவீடுகளை வாசிக்கும் லினக்ஸ் டிரைவர் ஒன்றை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எழுதிவருகிறேன். எந்தச் செயலியில் எத்தனை வாசிப்புகள் நிகழ்ந்தன என்று எண்ணுவதற்காக, நடப்புச் செயலியின் எண்ணைச் சொல்லும் எஸ்எம்பி_புரொசசர்_ஐடி தரும் எண்ணுக்குரிய அணி உறுப்பில் ஒன்றைக் கூட்டுகிறேன். கணக்கு சரியாக வந்தாலும், பிரீஎம்ப்ஷன் (ஓடும் பணியை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓடவிடுதல்) நிகழக்கூடிய இடத்தில் இதை அழைக்கிறீர்கள் என்ற எச்சரிக்கை பதிவை நிரப்புகிறது. பெயருக்கு முன்னால் 'ரோ_' சேர்த்ததும் எச்சரிக்கை நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

உப்புவெளியான்:
விடவேண்டாம். 'ரோ' வடிவம் சோதனையைத்தான் நீக்குகிறது. பிழை அங்கேயே இருக்கிறது. எண்ணைப் பெற்ற கணத்தில் அது சரியானதே, ஆனால் அடுத்த வரி ஓடுவதற்குள், எந்தப் பணி எந்தச் செயலியில் ஓடுவதென்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் உங்கள் பணியை வேறு செயலிக்கு மாற்றியிருக்கலாம். அனுராதபுரச் சந்தியில் நிற்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறிவிட்டவரைத் தேடிப்போவது போன்றது இது. அவ்வாறு மாறினால் இரண்டு செயலிகள் ஒரே உறுப்பைத் திருத்த, ஒரு கூட்டல் தொலைந்துபோகும். சுமை குறைவாக இருக்கும்வரை இது கண்ணில் படாது.

கெட்_சிபியு பிரீஎம்ப்ஷனை நிறுத்திவிட்டு எண்ணைத் தரும். வேலை முடிந்ததும் புட்_சிபியு அழைக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் மியூட்டெக்ஸ் பூட்டு எடுப்பது, பயனர் நினைவகத்துக்கு நகலெடுப்பது போன்ற, உறங்க (செயலியை விட்டுக் காத்திருக்க) நேரிடும் எதையும் செய்யக்கூடாது. இன்டரப்ட்டுகளை (வன்பொருள் இடைமறிப்புகளை) இது தடுக்காது என்பதால், அவற்றைக் கையாளும் இன்டரப்ட் ஹாண்ட்லரும் அதே உறுப்பைக் கூட்டுமானால் அச்செயலியில் இன்டரப்ட்டுகளை நிறுத்திவைக்கும் லோக்கல்_ஐஆர்க்யூ_சேவ் தேவைப்படும். எண் பழையதாகிப்போனாலும் கேடில்லாத இடங்களுக்கு, உதாரணமாக எந்த வரிசையிலிருந்து தேடத் தொடங்கலாம் என்ற குறிப்புக்கு, 'ரோ' போதும்.

கோட்டை வீதி:
எண்ணுவதுதான் நோக்கமென்றால் செயலியின் எண்ணே உங்களுக்குத் தேவையில்லை. ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பிரதி தரும் டிஃபைன்_பெர்_சிபியு கொண்டு மாறியை அறிவித்து, நடப்புச் செயலியின் பிரதியில் ஒன்றைக் கூட்டும் திஸ்_சிபியு_இன்க் அழையுங்கள். 64-பிட் எக்ஸ்86 கட்டமைப்பில் இது ஜிஎஸ் எனும் செக்மென்ட் பதிவகத்தின் துணையோடு ஒரே அறிவுறுத்தலாகிவிடுவதால், இடையில் இடம்பெயரவோ இன்டரப்ட் நுழையவோ வழியில்லை. முன்னால் இரட்டை அடிக்கோடு உள்ள வடிவத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. பலர் இடறுவது அங்கேதான். மொத்தத்தை அறிய எல்லாச் செயலிகளின் மாறிகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிலாவெளி மாணவன்:
மாற்றிவிட்டேன், எச்சரிக்கை இல்லை. இன்னொரு பகுதியில் உறங்கக்கூடிய அழைப்பு ஒன்று முடியும்வரை ஒரே செயலியில் இருக்கவேண்டியுள்ளது. அதற்கு வழி உண்டா?

உப்புவெளியான்:
மைக்ரேட்_டிஸேபிள் இருக்கிறது. அது உங்களை அந்தச் செயலியிலேயே வைத்திருக்கும். ஆயினும் வேறொரு பணி இடையில் அதே செயலியில் ஓடி அதே தரவைத் தொடக்கூடும் என்பதால், தரவுக்குத் தனியாக ஒரு பூட்டு வேண்டும்.