கார்ட்டூன் மாதிரிதானே இருக்கு, பிள்ளைக்குக் கொடுக்கலாமா? உங்க அனுபவம் சொல்லுங்க

இருவரின் அம்மா:
பெரியவனுக்கு எட்டு வயசு. லீவு விட்டதும் 'கப்ஹெட்' வீடியோ கேம் வேணும்னு ஒரே அடம். ஹீரோவுக்குத் தலை ஒரு கோப்பை, அதில் ஒரு ஸ்ட்ரா. 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன் போலக் கையால் வரைந்த படங்கள். 2017இல் வந்தது. அமெரிக்க வயதுக் குறி பத்துக்கு மேல் என்கிறது, ஐரோப்பியக் குறி ஏழு போதும் என்கிறது. எங்க வீட்டு எட்டு சரியா நடுவில் மாட்டிக்கிச்சு.

கதையைக் கேட்டதும் எனக்குப் பகீர்னு இருந்தது. சூதாட்ட விடுதியில் தாயக்கட்டை உருட்டி, சாத்தானிடம் ஆன்மாவைத் தோற்கிற அண்ணன் தம்பி. கடனை அடைக்க, மற்ற கடன்காரர்களிடம் ஒப்பந்தப் பத்திரம் வசூலிக்கக் கிளம்புறாங்க. நடுவில் ரெண்டு தவளைகள் சேர்ந்து ஸ்லாட் மெஷினாவே, அதான் காசு போட்டுச் சூதாடுற பெட்டியாவே, மாறிடும். கடைசிப் பக்கம் சுருட்டும் சாராய பாட்டிலும்கூடச் சண்டைக்கு வரும். "எதுக்கும்மா பந்தயம் வெச்சாங்க?"ன்னு கேட்டான். தருமர் நாட்டையே வெச்சு ஆடின கதையைச் சொன்னேன். "அவருக்கும் பாஸ் ஃபைட் உண்டா?"ன்னான், அதான் கேமில் பெரிய வில்லனோட போடற சண்டை.

நான் பயந்தது எதுவும் அவனைத் தொடலை. ஆட்டிப் படைச்சது அதோட கஷ்டம்தான். மூணு அடி வாங்கினா ஆட்டம் காலி. உடனே ஒரு கோடு போட்டு, எவ்வளவு தூரம் வந்தேன்னு காட்டும். ஜெயிக்க ஒரு விரக்கடைதான் பாக்கின்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்? மூணாம் நாள் ரிமோட் சோபாவில் போய் விழுந்தது. 'சிம்பிள்'ங்கிற லேசான முறைக்கு மாத்திக் கொடுத்தேன். அதில் ஜெயிச்சாலும் பத்திரம் கிடைக்காது, பத்திரம் இல்லாம கடைசிச் சண்டைக்குப் போக முடியாது. அது தெரிஞ்ச அன்னைக்கு அழுதான் பாருங்க.

இப்போ நானும் உட்கார்றேன், நான்தான் தம்பி மக்மேன். ஒருத்தர் செத்தா ஆவி மேலே மிதக்கும், இன்னொருத்தர் குதிச்சுத் தொட்டா உயிர் வரும். "அம்மா பிடி, பிடி!"ன்னு கத்தறான். பெரும்பாலும் கோட்டை விடுவது நான்தான்.

மதுரை மாமா:
தங்கச்சி, உங்க பாடு தேவலை. அக்கா பையனுக்குப் பிறந்த நாள் பரிசா 'சவுத் பார்க்: தி ஸ்டிக் ஆஃப் ட்ரூத்'ங்கிற கேம் வாங்கப் பார்த்தேன். உருண்டைத் தலை, காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி நாலாம் வகுப்புப் பசங்க. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுன்னுதான் நினைச்சேன். நல்ல வேளை, அட்டையைத் திருப்பினேன்: அமெரிக்காவில் 17, ஐரோப்பாவில் 18. 2014இல் வந்தப்போ ஐரோப்பிய கன்சோல் பதிப்பில் சில காட்சிகளையே எடுத்துட்டாங்க. பெரியவங்களுக்கான நையாண்டி அது, நானே தனியா விளையாடி வயிறு வலிக்கச் சிரிச்சேன். மருமகனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கிட்டுப் போனேன், ரெண்டு நாள் பேசலை அவன்.

சித்தி:
எங்க வீட்டில் வேற கூத்து. விளையாட்டே வாங்கலை, பொண்ணு யூடியூப்பில் யாரோ ஆடுறதைப் பார்ப்பா. அதே கப்ஹெட்தான். விளையாட்டில் வராத கெட்ட வார்த்தை எல்லாம் ஆடுறவர் வாயிலிருந்து வருது. ஒவ்வொரு தடவை தோத்தா ஒண்ணு. நான் அடுப்படியில் இருந்ததால் முதலில் கவனிக்கலை. அவ ரிமோட்டைத் தவறவிட்டு அதையே அப்படியே சொன்னப்போதான் ஓடி வந்தேன். பெட்டியில் வயசு போட்டிருக்காங்க, அந்த ஆளுக்கு யார் போடறது?

இருவரின் அம்மா:
ஐயோ சித்தி! அதான் எங்க வீட்டுச் சின்னவளும் எங்கேயோ கத்துக்கிட்டு வந்திருக்கா. இன்னைக்கே அவ டேபைப் பார்க்கிறேன்.