சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது, வெளியே வந்தால் உறைகிறது. ஹார்டுவேர் நல்லதுதானா?

திரைவாசி (கேள்வி):
விண்டோஸ் 11 லேப்டாப். லாகின் ஆகி இரண்டு மூன்று நிமிடத்தில் திரை உறைந்துவிடுகிறது, மவுஸ்கூட நகராது. எஃப்8 வேலை செய்யவில்லை. பூட் ஆகும்போதே மூன்று முறை அணைத்த பிறகு ரிப்பேர் திரை வந்தது, அதன் வழியாகச் சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்களும் சர்வீஸ்களும் மட்டும் ஓடும் நிலை) போனேன். அங்கே உறையவே இல்லை. அப்படியென்றால் ஹார்டுவேரில் கோளாறு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா? எம்எஸ்கான்ஃபிக்கில் (விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்றும் கருவி) உள்ள 'டயக்னாஸ்டிக் ஸ்டார்ட்அப்' எதற்கு?

பிட்டும் பைட்டும்:
அவசரப்படாதீங்க. சேஃப் மோடில் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்பிளே டிரைவர்தான் ஓடும். கிராஃபிக்ஸ் சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. சூடேறும் சிப்பும் சரி, பழுதான சிப்பும் சரி, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி: சேஃப் மோடில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்பிளே அடாப்டர்ஸில் உள்ளதை டிஸேபிள் செய்துவிட்டுச் சாதாரணமாக பூட் செய்யுங்க. இரண்டு அடாப்டர் இருந்தால் முதலில் தனி கிராஃபிக்ஸை (பிராசசரோடு சேராத தனிச் சிப்) மட்டும். திரை கொஞ்சம் அசிங்கமாகத் தெரியலாம், பரவாயில்லை. இப்போது மற்ற சர்வீஸ்கள் எல்லாம் ஓடும், அந்த அடாப்டர் மட்டும் ஓடாது. அப்போதும் உறைந்தால் வேறு இடத்தில் தேடணும்.

சர்வீஸ்காரன்:
டயக்னாஸ்டிக் ஸ்டார்ட்அப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களையும் சேர்த்து நிறுத்திவிடும். நெட்வொர்க் போகும், ஈவண்ட் லாகும் போகலாம். பிறகு எதை வைத்துத் துப்பறிவது?

கிளீன் பூட் செய்யுங்க, அதாவது மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ்கள் இல்லாமல் தொடங்குங்க. எம்எஸ்கான்ஃபிக்கில் சர்வீசஸ் டேபுக்குப் போய், முதலில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக், அப்புறம்தான் 'டிஸேபிள் ஆல்'. வரிசை மாறினால் பின் நம்பர் போட்டு லாகின் ஆவதே சிக்கலாகலாம். ஏற்கெனவே டிஸேபிள் ஆகியிருந்தவற்றை முன்பே குறித்து வையுங்க. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் ஆப்களையும் நிறுத்துங்க.

உறைவது நின்றால் பாதியை மட்டும் ஆன் செய்து ரீஸ்டார்ட். 16 சர்வீஸ் இருந்தாலும் நான்கே ரீஸ்டார்ட்டில் ஆள் சிக்கும். ஆன்டிவைரஸுக்கு மட்டும் இது பத்தாது. சர்வீஸை நிறுத்தினாலும் அதன் டிரைவர் கெர்னலில் (விண்டோஸின் மையப் பகுதி) ஏறி உட்கார்ந்திருக்கும், முழுக்க அன்இன்ஸ்டால் செய்தால்தான் தெரியும்.

கடைசி பெஞ்ச்:
இன்னொன்று. எம்எஸ்கான்ஃபிக் பூட் டேபில் 'சேஃப் பூட்' டிக் போட்டால், எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போகும். அங்கே பின் நம்பர் ஏற்காமல் பாஸ்வேர்ட் கேட்டால், அது நினைவில்லாதவர் மாட்டிக்கொள்வார். அதற்குப் பதில் இப்படிப் போங்க: ஷிஃப்ட் பிடித்தபடி ரீஸ்டார்ட், பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், எண் 4. நெட்வொர்க்கும் வேண்டுமென்றால் 5. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்க.

சேஃப் மோடில் சில மென்பொருள்கள் அன்இன்ஸ்டால் ஆகாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே ஓடாததுதான் காரணம், கிளீன் பூட்டில் போய் நீக்கலாம்.

திரைவாசி:
தனி கிராஃபிக்ஸை டிஸேபிள் செய்ததும் உறைவது நின்றுவிட்டது. டிரைவரா, சிப்பா?

பிட்டும் பைட்டும்:
அதே அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேபில் 'ரோல் பேக் டிரைவர்' (முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன்) இருக்கிறதா பாருங்க. மங்கலாக இருந்தால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை முதலில் இறக்கி வையுங்க. பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டு, டிரைவரையும் நீக்கச் சொல்லும் டிக் போட்டு அன்இன்ஸ்டால். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பழைய டிரைவரையே திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். பிறகு இறக்கி வைத்ததைப் போடுங்க.

இரண்டு வெவ்வேறு பதிப்பிலும் உறைந்தால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, அந்தத் தனி கிராஃபிக்ஸுக்கே கொஞ்சம் வேலை கொடுங்க. அங்கேயும் உறைந்தால் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. ஃபேனையும் தெர்மல் பேஸ்ட்டையும் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) பார்த்துவிட்டு, அதிலும் தீராவிட்டால் சர்வீஸுக்குக் கொடுங்க.