ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர்: 30 அடியில் எஞ்சின் நின்றால்?

பாலக்கோடு பட்டறை:
தருமபுரி பக்கம் எங்கள் பட்டறையில் ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர் ஒன்று கட்டுகிறோம். மாருதி 800 கார்பரேட்டர் எஞ்சின், 6 மீட்டர் விட்டத்தில் இரண்டு பிளேடு ரோட்டர், ஆளோடு சேர்த்து 350 கிலோ. மேலே சுழலும் மெயின் ரோட்டருக்கும் வாலில் உள்ள டெயில் ரோட்டருக்கும் எஞ்சினிலிருந்தே தனித்தனி பெல்ட். 30 அடிக்கு மேல் போகப்போவதில்லை. எஞ்சின் நின்றாலும் பெரிய ஆபத்து இருக்காது அல்லவா?

இறக்கை:
அந்த உயரம்தான் மோசம், தம்பி. எஞ்சின் இல்லாமல் ரோட்டரின் சுழற்சியிலேயே இறங்குவதுதான் ஆட்டோரொட்டேஷன். அதில் ரோட்டரைச் சுற்றுவது கீழிருந்து மேலே வரும் காற்று. அது சேர முன்னோக்கிய வேகமோ, சில நூறு அடி உயரமோ வேண்டும். 30 அடியிலிருந்து தடையில்லாமல் விழும் பொருள் 1.4 நொடியில் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் தரையைத் தொடும். ரோட்டரில் மிச்சமிருக்கும் சுழற்சி அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு அடியில் எஞ்சின் நின்றால் கலெக்டிவை (எல்லா பிளேடுகளின் சாய்வையும் சேர்த்து மாற்றும் நெம்புகோல்) மெல்ல ஏற்றி உட்காரலாம். உயரத்தில் போகும்போது நின்றால் கலெக்டிவை உடனே கீழே தள்ள வேண்டும். லேசான பிளேடுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. சுழற்சி ஓர் அளவுக்குக் கீழே போய் பிளேடு ஸ்டால் ஆகிவிட்டால், அதாவது தூக்கும் விசையை இழந்துவிட்டால், வானத்தில் திரும்ப மீட்கவே முடியாது.

ஓசூர் கியர்:
பெல்ட் அமைப்பே தவறு. எஞ்சினுக்கும் மெயின் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஸ்ப்ராக் கிளட்ச் வேண்டும். பெடலை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே வேலை. அது இல்லாவிட்டால் நின்ற எஞ்சின் ரோட்டரையும் பிடித்து நிறுத்திவிடும். டெயில் ரோட்டர் அந்தக் கிளட்ச்சுக்கு அப்பால், மெயின் ரோட்டர் பக்கத்திலிருந்து சுழல வேண்டும். இல்லையென்றால் எஞ்சினோடு டெயிலும் போய், இறங்கும்போது மூக்கைத் திருப்பும் கால் பெடல் வேலை செய்யாது.

எஞ்சினும் போதாது. தருமபுரி கடல்மட்டத்துக்கு 1,500 அடி மேலே. 38 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 4,600 அடி உயரத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும். உங்கள் எஞ்சினின் 37 குதிரைத்திறன் 32 ஆகும். உங்கள் எடையைத் தூக்கி நிறுத்த, டெயிலும் கியர் இழப்பும் சேர்த்து ஏறத்தாழ 60 குதிரைத்திறன் தேவை. முழு திராட்டிலில் சூடேறி, தூக்காமலே எஞ்சின் கெடும்.

பாலக்கோடு பட்டறை:
பிளேடு நுனியில் ஒரு கிலோ ஈயம் வைத்தால் சுழற்சி அதிக நேரம் தாங்கும் என்கிறார்கள். வைக்கலாமா?

இறக்கை:
தாங்கும்தான். ஆனால் 3 மீட்டர் ஆரத்தில், நிமிடத்துக்கு 500 சுற்றில், அந்த ஒரு கிலோ ஏறத்தாழ 840 கிலோ பளுவாக வெளியே இழுக்கும். பிளேடு வேர், போல்ட், பிளேடுகளைப் பிடிக்கும் நடு ஹப் எல்லாம் தன் எடையின் இழுப்போடு இதையும் சுமக்க வேண்டும். வெல்டிங் வைத்த ஹப்பில் வைக்கவே வேண்டாம். விரிசல் வெல்டின் ஓரத்தில்தான் தொடங்கும், கண்ணுக்கும் தெரியாது.

ஓசூர் கியர்:
தரைச் சோதனையிலும் உயிர் போகும். 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், சொந்தமாகக் கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது டெயில் பிளேடு உடைந்து மெயின் ரோட்டரில் அடித்தது. கட்டிய இளைஞர் இறந்தார். அதனால் இருக்கையில் ஆள் இல்லாமல், ஹெலிகாப்டரின் சட்டகத்தை காங்கிரீட்டில் பூட்டி, திராட்டிலைத் தூரத்திலிருந்து கேபிளில் இயக்குங்கள். சுற்றிலும் ரோட்டர் மட்டத்துக்கு மேல் வரை மண் மூட்டை அடுக்குங்கள். நம் கிருஷ்ணகிரி கிரானைட் பலகை சுலபமாகக் கிடைக்கிறதென்று நிறுத்தாதீர்கள், அடி பட்டால் அதுவே சிதறும். இரண்டு ரோட்டர்களும் சுழலும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது, வீடியோ எடுப்பவரும் சேர்த்து. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப், பிளேடு வேர், டெயில் ஷாஃப்ட் மூன்றுக்கும் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டும் சாயம்) பூசி விரிசல் பாருங்கள்.

விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூடத் தூக்காதீர்கள். முதலில் கிளட்ச்சை மாற்றிவிட்டு எஞ்சினிலிருந்து ரோட்டர்கள் வரையிலான டிரைவ் லைன் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.