போத்தலில் அடைத்த பியர் பொங்கி வழிகிறது, ஒன்று வெடித்தும்விட்டது: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: கீரிமலையான், ஸ்காபரோ

வணக்கம் உறவுகளே. வீட்டில் பியர் காய்ச்சிப் பழக்கமுள்ளவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் நிலக்கீழ் அறையில் 19 லீற்றர் பேல் ஏல் (ஏல் வகைப் பியர்களில் ஒன்று) காய்ச்சினேன். ஈஸ்ட் சேர்க்கும்போது அடர்த்தி (தண்ணீருக்கு 1.000; சீனி நொதித்துக் குறையக் குறைய இதுவும் இறங்கும்) 1.052 ஆக இருந்தது. செய்முறையின்படி 1.012 அளவில் நொதித்தல் முடிய வேண்டும். அறையின் வெப்பநிலை 15 பாகைக்கு மேல் ஏறவில்லை. நுரை அடங்கியபின், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.015 என்று காட்டியது. அதன்பின் 100 கிராம் காஸ்கேட் வகை ஹொப்ஸை (பியருக்கு மணமும் கசப்பும் தரும் பூக்கள்) ட்ரை ஹொப்பாக, அதாவது கொதிக்கவைக்காமல் நேரே பியரில் சேர்த்துச் சில நாட்கள் விட்டு அளந்தபோதும் அதே 1.015 தான். அளவு மாறாததால் நொதித்தல் முடிந்ததென்று எண்ணி, போத்தலுக்குள் வாயு உண்டாவதற்காக 120 கிராம் சீனியைக் கொதிநீரில் கரைத்துக் கலந்து, 341 மில்லிலீற்றர் போத்தல்களில் அடைத்து, மேல்தளத்தில் 23 பாகை வெப்பமுள்ள ஓர் அலமாரியில் வைத்தேன்.

முதலில் திறந்த போத்தல்கள் மிக நன்றாக இருந்தன. நுரையும் அளவு, மணமும் அருமை. ஒரு மாதம் கடந்தபின் திறப்பவை எல்லாம் பொங்குகின்றன. மூடியை எடுத்தவுடன் பாதிப் பியர் நுரையாக வெளியே போய்விடுகிறது. சென்ற கிழமை ஒரு போத்தல் அலமாரிக்குள்ளேயே வெடித்து, கண்ணாடித் துண்டுகள் கதவின் உட்புறமெங்கும் தெறித்திருந்தன. வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் அந்த அறையையே பூட்டி வைத்திருக்கிறோம். சீனி கூடிவிட்டதா, கிருமி புகுந்துவிட்டதா, அல்லது வேறு காரணமா? மீதியை ஊற்றிவிடத்தான் வேண்டுமா?

பதில்: நொய்யல், மெல்பர்ன்

காரணத்தை ஆராய்வதற்கு முன்னால் அந்த அலமாரியைப் பற்றிப் பேசிவிடுவோம். ஒன்று வெடித்த இடத்தில் மற்றவையும் அதே அழுத்தத்தில்தான் நிற்கின்றன என்று கொள்ள வேண்டும். வெறும் கையோடும் வெறும் கண்ணோடும் அவற்றின் அருகே போகாதீர்கள். கண்களை மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த தோல் கையுறை, முழுக்கை ஜாக்கெட் ஆகிய மூன்றும் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டாம். திறந்ததும் கனமான போர்வையால் பாட்டில்களை மூடி, அறையை எவ்வளவு குளிரவைக்க முடியுமோ அவ்வளவு குளிரவையுங்கள். ஒன்றோடொன்று இடிபடாதபடி, ஒவ்வொன்றாக, மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, குளிர்பதனப் பெட்டியிலோ பூட்டிய கராஜிலோ வையுங்கள். கராஜில் வைத்தால் பீர் உறையும் அளவுக்குக் குளிர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த பீரும் பாட்டிலை உடைக்கும்.

குளிரவைப்பது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. கரியமில வாயு குளிர்ந்த திரவத்தில் அதிகமாகக் கரையும் என்பதால், 23 டிகிரியில் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் 4 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அதோடு ஈஸ்ட்டின் வேலையும் ஏறக்குறைய நின்றுபோகும். ஒரு நாள் முழுவதும் நன்றாகக் குளிர்ந்த பிறகே எந்தப் பாட்டிலையும் திறந்து பார்க்க வேண்டும்.

பதில்: முளைதானியம், போர்ட்லண்ட்

நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. ஒரு லிட்டர் பீருக்கு 4 கிராம் சர்க்கரை சேர்த்தால், அது முழுவதும் நொதித்தபின் பீரின் கன அளவுக்குச் சமமான வாயு, அதாவது ஒரு மடங்கு, கூடுதலாகச் சேரும். 120 கிராமை 19 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 6.3 கிராம், அது தரும் வாயு சுமார் 1.6 மடங்கு. 15 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே சுமார் 1 மடங்கு வாயு கரைந்திருக்கும். ஆகக் கூட்டினால் 2.6 மடங்கு. பேல் ஏலுக்கு இது சரியான அளவு. இந்த அளவில் எந்தப் பாட்டிலும் பொங்காது, வெடிக்கவும் வெடிக்காது. சர்க்கரைக் கரைசல் சரியாகக் கலக்காமல் போயிருந்தால் சில பாட்டில்கள் பொங்கும், சில சப்பென்று இருக்கும். உங்களுக்கு எல்லாமே பொங்குகின்றன. முதல் வாரங்களில் எல்லாமே நன்றாகவும் இருந்திருக்கின்றன. ஆகவே சர்க்கரையை விட்டுவிடலாம்.

எஞ்சியிருக்கும் காரணங்களைப் பிரித்தறிய ஒரே ஓர் அளவீடு போதும். நன்கு குளிர்ந்த ஒரு பாட்டிலைப் பெரிய பாத்திரத்துக்குள் வைத்துத் திறந்து, வழிவதையும் பிடித்துக்கொண்டு, இரண்டு பாத்திரங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயு முழுவதையும் வெளியேற்றுங்கள். குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கினால் அளவு பொய்யாக அதிகம் காட்டும். எனவே இந்த வேலையில் அவசரம் கூடாது. பிறகு பீரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து அளவெடுங்கள், ஏனெனில் பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் அந்த வெப்பநிலைக்கே அளவிடப்பட்டவை. (இதே காரணத்தால், 15 டிகிரியில் பார்த்த உங்கள் 1.015 என்பது உண்மையில் 1.014 ஆக இருந்திருக்கும்.) ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், ஆல்கஹால் கலந்துவிட்ட திரவத்தில் அது தரும் எண்ணைத் திருத்தாமல் நம்ப முடியாது.

அளவு இன்னும் 1.014 அருகிலேயே நின்றால் கூடுதல் நொதித்தல் நடக்கவில்லை என்று பொருள். அப்போது பாட்டிலுக்குள் போன ஹாப்ஸ் துகள்களையோ, வயலில் ஃபியூசேரியம் பூஞ்சை பிடித்த பார்லியிலிருந்து மால்ட்டுக்கு (முளைகட்டி உலர்த்திய தானியத்துக்கு) வரும் ஹைட்ரோஃபோபின் என்ற புரதத்தையோ சந்தேகிக்க வேண்டும். இவை அழுத்தத்தை ஏற்றாமலே நுரையைப் பொங்கச் செய்பவை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பாட்டில் வெடித்திருப்பதால் இது காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1.010 முதல் 1.012 வரை இருந்தால், பாட்டிலில் அடைக்கும்போது நொதித்தல் முடிந்திருக்கவில்லை. 1.006க்கும் கீழே போயிருந்தால் விஷயம் வேறு. சாதாரண ஈஸ்ட்டால் உண்ண முடியாத டெக்ஸ்ட்ரின்களை (மாவுச்சத்து உடைந்து வரும் பெரிய துண்டுகளை) உடைத்துத் தின்னும் டயாஸ்டாடிகஸ் வகை ஈஸ்ட்டோ பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டோ புகுந்திருக்கக்கூடும். சுவையையும், பாட்டிலின் கழுத்தில் திரவமட்டத்தை ஒட்டி வெண்மையான வளையம் இருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கீரிமலையான்

இருவருக்கும் மிக்க நன்றி. போத்தல்கள் எல்லாவற்றையும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மூடியுள்ள பெட்டிகளில் இட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். சொன்ன முறைப்படி வாயுவை வெளியேற்றி 20 பாகையில் அளந்தேன். அளவு 1.010. கழுத்தில் வளையம் எதுவும் இல்லை. புளிப்போ கிராம்பு வாசனையோ இல்லை. முன்பிருந்த மெல்லிய இனிப்பு மட்டும் போய்விட்டது. ஒரு சந்தேகம் தீரவில்லை: ட்ரை ஹொப்புக்கு முன்னும் பின்னும் அசையாமல் நின்ற அளவு, போத்தலுக்குள் போனபின் ஏன் இறங்கியது? செய்முறை சொன்ன 1.012 ஐயும் தாண்டி எப்படி இறங்கியது?

பதில்: வல்லிபுரத்தான், லண்டன்

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு வெவ்வேறு விடைகள் இருப்பதாகவே நான் கருதுகிறேன். 1.014 இலிருந்து 1.012 வரையான இறக்கத்துக்குக் குளிர்தான் முதற் காரணம். 15 பாகை பல ஏல் ஈஸ்ட்டுகளுக்குக் குறைவு. சீனி குறையத் தொடங்கும் கடைசிக் கட்டத்தில் அவை சோர்ந்து, திரண்டு, அடியில் படிந்துவிடும். அப்போது அளவு அசையாமல் நிற்பது நொதித்தல் முடிந்ததற்குச் சான்று ஆகாது, ஈஸ்ட் உறங்கிவிட்டது என்பதற்கே சான்று. புதிய சீனியும் 23 பாகை வெப்பமும் ஒரே நேரத்தில் கிடைத்ததும் அது விழித்து, விட்ட வேலையைப் போத்தலுக்குள் தொடர்ந்திருக்கிறது.

1.012 ஐத் தாண்டி இறங்கியதற்கு நீங்கள் சேர்த்த ஹொப்ஸையே நான் காரணமாகச் சொல்வேன். செய்முறை சொல்லும் இறுதி அளவு ஒரு மதிப்பீடுதான் என்பதால் இதை முற்றுமுடிந்த உண்மையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் 100 கிராம் ட்ரை ஹொப் இருக்கும் இடத்தில் இதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டிய காரணம். கொதிக்கவைக்காத ஹொப்ஸில் மாப்பொருளை உடைக்கும் நொதியங்கள் உயிர்ப்போடு இருக்கின்றன. ஈஸ்ட்டால் உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின்களை அவை மெதுவாகச் சிறு சர்க்கரைகளாக வெட்டிக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடியும் நொதிக்கத் தொடங்குகிறது. ஹொப் க்ரீப் என்ற பெயரில் இன்று எல்லோரும் பேசும் இதை ஹொரேஸ் பிரவுன், ஹரிஸ் மொரிஸ் ஆகிய இரு பியர்த் துறை ஆய்வாளர்களும் 1893ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேய ஏல் மரப்பீப்பாவுக்குப் போகும்போது கூடவே ஒரு பிடி ஹொப்ஸையும் போடுவது வழக்கம். பீப்பாவுக்குள் ஏல் மீண்டும் நொதித்து உயிர்பெறுவதற்கு ஹொப்ஸில் உள்ள நொதியமும் ஒரு காரணம் என்று அவர்கள் கண்டார்கள்.

பீப்பாவில் நன்மையாக இருந்தது போத்தலில் ஆபத்தாக மாறுவதற்குக் காரணம் ஒரு சிறிய மர ஆப்புத்தான். பீப்பாவின் மேல்துளையில் மென்மையான மர ஆப்பைச் செருகுவார்கள். மிஞ்சிய வாயு அதன் இழைகளினூடே கசிந்து போய்விடும். போத்தலுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அடர்த்தி ஒரு புள்ளி, அதாவது 0.001, குறையும்போது ஏறத்தாழ அரை மடங்கு வாயு உருவாகிறது. உங்கள் பியர் நான்கு புள்ளிகள் இறங்கியிருக்கிறது. மேலே கணக்கிட்ட 2.6 உடன் இன்னும் 2 சேர்ந்து 4.6 மடங்காகிவிட்டது. சாதாரணப் பியர்ப் போத்தலை 3 மடங்குக்கு மேல் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறைக்கு மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன், இவற்றில் முதலாவதை எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். ஈஸ்ட் சேர்த்த நாளிலேயே ஒரு குவளை வோர்ட்டை (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றை) தனியே எடுத்து, தேவைக்கு மிக அதிகமான ஈஸ்ட்டைப் போட்டு, 25 பாகை வெப்பத்தில் அடிக்கடி குலுக்கி வையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் அது தன் எல்லையைத் தொட்டுவிடும். உங்கள் பெரிய பாத்திரம் எந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்பது செய்முறையைப் பார்க்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். நொதித்தல் தளரத் தொடங்கும்போதே பாத்திரத்தை 20 அல்லது 21 பாகைக்கு ஏற்றி, படிந்த ஈஸ்ட் மேலெழும்படி மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். ட்ரை ஹொப் சேர்த்த பிறகும் அதே வெப்பத்தில் வைத்திருந்து, மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமலிருந்தால் மட்டுமே போத்தலில் அடையுங்கள். ஹொப்ஸ் தூண்டிய இந்த இரண்டாம் நொதித்தல் வெண்ணெய் மணம் தரும் டயசெட்டிலையும் உண்டாக்கும் என்பதால், அந்தக் காத்திருப்பு சுவைக்கும் தேவையானது. ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொண்டுவிடும்.

பதில்: நொய்யல், மெல்பர்ன்

வல்லிபுரத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சிறிய சோடா பிளாஸ்டிக் பாட்டிலையும் அதே பீரால் நிரப்பி, கண்ணாடிப் பாட்டில்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். அதை விரலால் அழுத்திப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். கல்போல இறுகிவிட்டால் கண்ணாடிப் பாட்டில்களை அன்றே குளிரில் வைத்துவிட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்: கீரிமலையான்

விளக்கம் முழுமையாகப் புரிந்தது. இப்போது குளிரில் இருக்கும் போத்தல்களைக் காப்பாற்ற வழி உண்டா? சுவை நன்றாக இருப்பதால் ஊற்ற மனம் வரவில்லை.

பதில்: முளைதானியம், போர்ட்லண்ட்

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் வாயு போன அந்த 1.010 பீரில் சிறிது புது ஈஸ்ட்டைத் தூவி, பஞ்சால் வாயை மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அளவு இன்னும் இறங்கினால் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையிலேயே திறந்து ஊற்றிவிடுங்கள். 1.010 இலேயே நின்றால் நொதிக்க இனி எதுவும் மிச்சமில்லை. உள்ளே ஏற்கெனவே இருக்கும் வாயுவைக் குறைத்தால் போதும். உறைநிலைக்குச் சற்று மேலே, 1 அல்லது 2 டிகிரியில் நன்றாகக் குளிர்ந்த பாட்டிலின் மூடி விளிம்பை ஓபனரால் சீறல் கேட்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். நுரை கழுத்தை எட்டும்போது விட்டுவிடுங்கள். அடங்கியதும் மீண்டும் செய்யுங்கள். நுரை எழும் வேகம் தணிந்ததும் பழைய மூடியை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள். வழக்கத்துக்கு மாறாக, இந்தப் பீரைக் கடைசிப் பாட்டில் வரை குளிரிலேயே வைத்துச் சீக்கிரம் குடித்து முடிக்க வேண்டும். காற்றுப் பட்டுவிட்டதால் ஹாப்ஸ் மணம் நீண்ட நாள் நிற்காது.

பாட்டில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 341 மில்லி என்று நீங்கள் சொல்வது, கனடாவில் கடைகள் திரும்பப் பெற்றுக்கொள்ளும் திருகுமூடிப் பாட்டில்களாகத்தான் இருக்கும். அவை ஆலைக்குத் திரும்பிப் பலமுறை நிரப்பப்படுபவை. உரசி உரசி வெளிப்புறம் வெண்மையாகத் தேய்ந்தவை. அந்தத் தேய்மானம் கண்ணாடியின் வலிமையைக் குறைக்கிறது. திருகுவரை உள்ள கழுத்தில் வீட்டு மூடிக்கருவியால் அடிக்கும் மூடியும் சரியாகப் பிடிப்பதில்லை. இந்த அழுத்தத்தைத் தாங்கி நின்ற பாட்டில்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், காலியானதும் அவற்றை மறுபடி நிரப்பாமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓபனரால் மட்டுமே திறக்கக்கூடிய தடித்த பாட்டில்களை வாங்கிக்கொள்ளுங்கள்.