மின்னலுக்குப் பிறகு பிஎஸ்4 எழும்பவில்லை: பீப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை

கல்லடித் தம்பி:
வணக்கம். எங்கள் பிஎஸ்4 ஸ்லிம் (டிவியில் போட்டு விளையாடும் கேம் பெட்டி), மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. மூன்று வருடமாக ஒரு பிழையும் இல்லை. முந்தநாள் பின்னேரம் இடி முழக்கத்தோடு கரண்ட் போனது, வந்தது, திரும்பப் போனது, மறுகா வந்தது. பெட்டியை அணைத்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் பிளக்கைக் கழற்றவில்லை. இப்போது பொத்தானை அமத்தினால் ஒரு அசைவும் இல்லை. அதே பிளக்கில் ஃபோன் சார்ஜ் ஏறுகிறது. ஒரு கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் "போர்ட் அடிச்சிட்டு, புதுசு வாங்குங்க" என்றார்கள், உள்ளே இருக்கும் முக்கிய சர்க்கிட் பலகையைச் சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா? வீட்டில் சின்னவன் இரண்டு நாளாக என்னோடு கதைப்பதில்லை.

காத்தான்குடிக் காக்கா:
திறக்காமலே போர்ட் என்று சொன்னவரிடம் திரும்பப் போகாதீங்க தம்பி. முதலில் வயரைப் பாருங்க. பின்பக்கம் எட்டு மாதிரி வாய் உள்ள வயர்தானே? பழைய கேசட் ரேடியோவுக்கும் அதேதான். வீட்டில் ஒன்று கிடந்தால் எடுத்து, வயர் கோட்டில் (எக்ஸ்டென்ஷன் வயரில்) இல்லாமல் நேரே சுவர்ப் பிளக்கில் போட்டுப் பாருங்க.

கல்லடித் தம்பி:
அம்மம்மாவின் ரேடியோ வயரைப் போட்டேன் காக்கா. ஒன்றும் இல்லை. பிஎஸ்4 வயரில் ரேடியோ பாடுகிறது. யூடியூபில் ஏழு செக்கன் அமத்திப் பிடித்தால் சேஃப் மோட் (பிழை பார்க்கிற மெனு) வரும் என்கிறார்கள், அதுவும் வரவில்லை.

அக்கரைப்பற்று ரிப்பேர்:
வராது. சேஃப் மோட் என்பது இரண்டாவது பீப், உங்களுக்கு முதலாவதே இல்லையே. பீப் கேட்டு, நீல வெளிச்சம் துடித்துத் துடித்து அணைந்தால் அது வேறு கதை, போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகப்படலாம். வெள்ளை வெளிச்சம் நின்றும் டிவியில் படம் இல்லையென்றால் எச்டிஎம்ஐ (டிவிக்குப் படம் கொண்டுபோகும் வயரும் வாயும்) பக்கம் பார்க்க வேண்டும். வயரும் நல்லது, பீப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் முதல் சந்தேகம் உள்ளே இருந்து கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையில்தான். அது தனிப் பெட்டி, அதை மட்டும் மாற்றலாம். பெட்டியை அணைத்தாலும், பிளக் செருகி இருக்கும் வரை அது விழித்தேதான் இருக்கும். மின்னல் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

காத்தான்குடிக் காக்கா:
கட்டார் சாமான் என்று யாராவது பயம் காட்டினால் கேட்காதீங்க. பிஎஸ்4 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். நான் ஒருகாலம் ஜப்பான் பிஎஸ்2 ஒன்றை ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நம்முடைய 230 வோல்ட்டில் குத்தினேன். 100 வோல்ட் சாமான் அது. ஒரு புகை, ஒரு மணம், அவ்வளவுதான்.

கல்லடித் தம்பி:
அப்படியென்றால் நானே கழற்றிப் பார்க்கட்டுமா?

அக்கரைப்பற்று ரிப்பேர்:
மூடியைக் கழற்றலாம், சப்ளையைத் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் இருக்கும் பெரிய கண்டென்சர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். டிவி திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய், உங்கள் கண்முன்னே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.

கல்முனைப் பொடியன்:
கேம் சேவ் (விளையாடிச் சேமித்தது) எல்லாம் போய்விடுமா என்று யோசித்தால், சப்ளை மாற்றினால் ஒன்றும் போகாது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நண்பனின் பிஎஸ்4-க்குள் போட்டுப் பார்க்காதே. அது ஃபோமட் பண்ணச் சொல்லும். சரி என்று அமத்தினால் எல்லாம் முடிந்தது. நான் அமத்தினேன்.

கல்லடித் தம்பி (நாலு நாளுக்குப் பிறகு):
கல்முனையில் ஒருவரிடம் காட்டினேன். சப்ளையைத் திறந்தால் பியூஸின் கண்ணாடி உள்ளே கரி பிடித்துக் கிடந்தது. பக்கத்தில் நீலநிற வட்டத் துண்டு ஒன்று பொரித்த பப்படம் மாதிரி வெடித்திருந்தது. கூடுதலாக வரும் வோல்ட்டைத் தான் வாங்கிச் சாகிறதுதான் அதன் வேலையாம். மூலையில் ஒரு காய்ந்த பல்லியும் இருந்தது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிரித்தார். வேறொரு செத்த பிஎஸ்4-இலிருந்து எடுத்த சப்ளையைப் போட்டார். பீப்! போர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. சேவ் எல்லாம் அப்படியே இருக்கிறது. சின்னவன் கதைக்கத் தொடங்கிவிட்டான், இப்போது அதுதான் தொல்லை.

காத்தான்குடிக் காக்கா:
சந்தோஷம். இப்ப பிளக் கழற்றியா இருக்கு?

கல்லடித் தம்பி:
வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது காக்கா. கழற்றிவிட்டேன். ரவுட்டர் வயரையும் சேர்த்துத்தான்.