காணொளி மருத்துவம் டெல்டாவின் சர்க்கரை நோயாளிக்குப் போதுமா?

வெட்டாறு:
எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு உள்ளடங்கியது. நடவு நாளில் பெரிய மருத்துவமனைக்குப் போய்வந்தால் என் தாயாருக்கு அன்றைய கூலி போய்விடும். 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி என்ற அரசின் காணொளி மருத்துவ ஆலோசனைச் சேவை வழியே துணை சுகாதார நிலையத்திலிருந்து பேசியபோதுதான், இன்சுலினைத் தினமும் ஒரே இடத்தில் போட்டால் அங்கே தோலடிக் கொழுப்பு தடித்து மருந்து சீராக உடலில் சேராது என்பதை முதன்முறையாக ஒருவர் அவருக்கு விளக்கினார். இதைவிடத் தரமான சிகிச்சை எது?

கீழத்தஞ்சை:
விளக்கம் வேறு, பரிசோதனை வேறு. சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவருக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும், கால் நாடியை விரலால் உணர்வதும் திரையில் நடவாது. என் பெரியப்பாவின் புண் கைப்பேசியில் சிறிய காயமாகத்தான் தெரிந்தது. பிறகு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

கிராம சுகாதார செவிலியர்:
ஐயா, உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது என்னை வருத்துகிறது. நேரில் பார்த்தாக வேண்டும் என்று மருத்துவர் கருதினால் தொலைவழி ஆலோசனையைத் தொடரக் கூடாது என்று 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால், அப்படிக் கருதுவதற்கே யாராவது அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமே!

கற்பித்தலும் அப்படித்தான். திரையில் மருத்துவர் பேசும்வரை "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுபவர்கள், அழைப்பு முடிந்ததும் என்னிடம் திரும்பி, "என்னம்மா சொன்னாரு?" என்று கேட்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து, அடுத்த வாரம் வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டால்தான் அது மனதில் நிற்கிறது.

வெட்டாறு:
ஒப்புக்கொள்கிறேன். என் தாயாருக்கும் ஊசி போடும் இடங்களை வயிற்றில் தொட்டுக் காட்டியவர் அருகிலிருந்த செவிலியர்தான். அந்த நைலான் இழையை ஒவ்வொரு துணை நிலையத்துக்கும் கொடுத்துப் பழக்கினால் உங்கள் மறுப்பு பெரும்பாலும் நீங்கிவிடாதா?

கீழத்தஞ்சை:
இழை மலிவானதுதான், ஆளுக்கு எங்கே போவது? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பதே அளவுகோல். புதன்கிழமை தடுப்பூசிக்குக் குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது, திரைக்கு முன்னால் தனியே உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பாதத்தை யார் பார்ப்பது என்பதற்கு முதலில் விடை சொல்லுங்கள்.