புதுப்பிப்பு: 2009 ஆல்ட்டோவுக்கு இன்ஷூரன்ஸ் போட்டாச்சு

பழைய ஆல்ட்டோவுக்குக் குறைந்த செலவில் இன்ஷூரன்ஸ் போட வழி உண்டா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போட்டாச்சு.

ஏஜென்ட் முழு பாலிசிக்கு 6,800 ரூபாய் சொன்னார். வண்டிக்கு அவர் போட்ட மதிப்போ 55,000. முன் பம்பரைக் கம்பி கட்டி ஓட்டுகிறேன், இதற்கு எதற்கு அவ்வளவு? தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தேன். 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு எந்தக் கம்பெனியிலும் அரசு நிர்ணயித்த 2,094 ரூபாய்தான். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 2,471. நான்கு இடத்தில் விலை விசாரித்தது வெட்டி வேலை.

உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு என் பைக் பாலிசியிலேயே இருந்தது. நகலைக் காட்டியதும் காருக்குத் தனியாகக் கேட்கவில்லை.

அப்புறம், வண்டி திருடு போனால் நமக்குப் பைசா வராது. மனைவியிடம் சொன்னேன். "அதை யாருங்க திருடுவா?" என்றாள்.